தொடங்கிய கதையை முடிப்பது: வாசகர் கேள்வி பதில்

எழுத விரும்புவோர் தங்கள் ஐயங்களை அனுப்பலாம் என்று சென்ற இதழில் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் கணிசமானவை ராமநாதபுரம் மாவட்டத்தின் கடற்கரை ஊர்களிலிருந்து, வடக்கே தொண்டியிலிருந்து தெற்கே மூக்கையூர் வரை, வந்திருந்தபடியால் இம்மாதம் முழுவதையும் அவர்களுக்கே ஒதுக்கிவிட்டேன். ஒரே ஐயத்தைப் பலர் கேட்டிருந்தால் ஒரு கடிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன். பெயர்களை விட்டுவிட்டு ஊரை மட்டும் குறித்திருக்கிறேன். கடிதங்களையும் அவற்றோடு வந்த கையெழுத்துப் படிகளையும் படித்தபோது தோன்றியதை முதலிலேயே சொல்லிவிடலாம். மொழி வராதவர்கள், கதை சொல்லத் தெரியாதவர்கள் என்று கருதத்தக்கவர்கள் மிகச் சிலரே. மற்ற அனைவருக்கும் உள்ள தொல்லை, தொடங்கியதை முடிக்காமல் விடுவதுதான்.

ஐயா, நான் விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவன். ஒவ்வோர் ஆண்டும் மீன்பிடித் தடைக்காலத்தில் ஒரு நாவலைத் தொடங்குகிறேன். ஜூன் மாதம் படகு கடலில் இறங்கியதும் அது நின்றுவிடுகிறது. மறு ஆண்டு எடுத்துப் பார்த்தால் எனக்கே பிடிக்காமல் போய், வேறொன்றைத் தொடங்குகிறேன். கடல் தொழிலையும் எழுத்தையும் சேர்த்து வைத்துக்கொள்ள முடியாதா?
— ராமேஸ்வரம் வாசகர்

முடியும், ஆனால் தடைக்காலத்தை மட்டும் நம்பி முடியாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை வருகிற 61 நாட்கள் கைக்குக் கிடைத்த பெரிய சேமிப்பு போலத் தோன்றும். அந்த நினைப்பே மீதி பத்து மாதமும் எழுதாமல் இருப்பதற்கு உங்களுக்கு அனுமதி கொடுத்துவிடுகிறது. ஓராண்டு இடைவெளிக்குப் பின் எடுத்துப் பார்க்கிற எந்தப் படியும் அதை எழுதியவருக்கே அந்நியமாகத்தான் தெரியும். ஏனென்றால் அந்தப் பாத்திரங்கள் அடுத்து என்ன செய்யவிருந்தார்கள் என்பது மறந்துபோயிருக்கும், சென்ற ஆண்டு உங்களை எழுதத் தூண்டிய கோபமோ ஆசையோ அடங்கியிருக்கும். அதை "பிடிக்கவில்லை" என்று எடுத்துக்கொள்கிறீர்கள். உண்மையில் நீங்கள் கதையை விட்டு விலகி நெடுநாள் ஆகிவிட்டது, அவ்வளவுதான்.

பாக் விரிகுடாப் பக்கத்தில் வாரத்துக்கு மூன்று நாள் விசைப்படகுக்கு, மற்ற நான்கு நாள் நாட்டுப்படகுக்கு என்று கடலைப் பங்கிட்டுக்கொள்ளும் வழக்கம் உங்களுக்குத் தெரிந்ததே. டோக்கன் வாங்கிக் கடலுக்குப் போகிற நாளில் எழுதச் சொல்வது நியாயமில்லை. ஆனால் கரைக்கு வந்து, பிடித்த மீனை எடைபோட்டுக் கொடுத்துவிட்டு, தூங்கி எழுந்த பிறகு வாரத்தில் மூன்று மாலைகளில் ஒரு மணி நேரம் கிடைக்கும் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மாலைக்கு ஒரு பக்கம், பக்கத்துக்கு இருநூறு சொல். தடைக்காலம் நீங்கலான 43 வாரங்களில் இது ஏறத்தாழ 130 பக்கம், அதாவது 26,000 சொல். ஒரு சிறு நாவலுக்கு அது போதும். சிறுகதை என்றால் பத்து தேறும். புயல் எச்சரிக்கை, திருவிழா, உடம்புக்கு முடியாத நாட்கள் என்று பாதியைக் கழித்தாலும் ஐந்து கதை மிஞ்சும். ஐந்து முடிந்த கதைகளைக் கையில் வைத்திருப்பவரை நான் எழுத்தாளர் என்றுதான் அழைப்பேன். ஐந்து நாவல்களின் முதல் அத்தியாயங்களை வைத்திருப்பவரை அப்படி அழைக்க எனக்குத் தயக்கம் உண்டு.

ஆகவே இந்த ஆண்டு நாவலைத் தொடாதீர்கள். ஒரே ஒரு கடல் பயணத்துக்குள் நடந்து முடிகிற சிறுகதையை எடுத்துக்கொண்டு, நான்கு வாரத்துக்குள் நல்லதோ கெட்டதோ ஒரு முடிவை எழுதி மூடிவையுங்கள். உடனே அடுத்ததற்குப் போங்கள். தடைக்காலம் வரும்போது, படகைக் கரையேற்றிப் பலகை மாற்றி, வர்ணம் அடிக்கிற அதே நாட்களில், சேர்ந்திருக்கிற கதைகளை ஒவ்வொன்றாக எடுத்துச் செப்பனிடுங்கள். அந்த 61 நாள் திருத்தி எழுதுவதற்குத்தான் உரிய காலம்.

இன்னொன்றும் உண்டு. ஒவ்வொரு மாலையும் எழுதி நிறுத்துகிறபோது, சொல்ல வேண்டியதெல்லாம் தீர்ந்த இடத்தில் நிறுத்தாமல், அடுத்து என்ன வரும் என்று தெரிந்த இடத்தில் நிறுத்தி, அந்த அடுத்ததை ஒரு வரியில் பக்கத்தின் அடியில் குறித்துவிட்டு எழுந்திருங்கள். மூன்று நாள் கழித்து உட்காரும்போது, வெறுந்தாளைப் பார்த்துக்கொண்டு அரை மணியைக் கழிக்கிற நிலை அதனால் தவிரும்.

எழுத்து என்பது உள்ளிருந்து ஊற்றெடுக்க வேண்டியது அல்லவா? மனம் நிறைந்திருக்கும் நாளில் ஒரே இரவில் பத்துப் பக்கம் எழுதுகிறேன். பிறகு மாதக்கணக்கில் ஒன்றும் வருவதில்லை. தினமும் எழுது என்று கட்டாயப்படுத்தினால் எழுத்து இயந்திரத்தனமாகிவிடாதா?
— மண்டபம், கல்லூரி மாணவர்

தம்பி, இந்தக் கேள்வியைக் கேட்பவர்களில் பெரும்பாலோர் இருபது வயதை ஒட்டியவர்கள் என்பதைக் கவனித்திருக்கிறேன். அந்த வயதில் பத்துப் பக்கம் ஒரே இரவில் வருவது உண்மையே. அந்த வேகம் நாற்பது வயதிலும் தானாக வரும் என்று நம்புவதுதான் ஆபத்து.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆங்கில நாவலாசிரியர் ஆண்டனி டிரோலப் அஞ்சல் துறையில் முப்பது ஆண்டுக்கு மேல் வேலை பார்த்தவர். அதிகாலை ஐந்தரை மணிக்கு மேசையில் உட்கார்ந்துவிடுவார். தம்மை எழுப்பிக் காப்பி கொடுப்பதற்காகவே வீட்டு வேலையாளுக்கு ஆண்டுக்கு ஐந்து பவுன் கூடுதலாகக் கொடுத்தார். கடிகாரத்தை எதிரே வைத்துக்கொண்டு கால் மணிக்கு 250 சொல் என்று எழுதிவிட்டு அலுவலகத்துக்குப் போவார். இந்த முறையில் அவர் எழுதியவை 47 நாவல்கள். வேடிக்கை என்னவென்றால், 1883இல், அவர் இறந்த மறு ஆண்டு, வெளிவந்த தன்வரலாற்றில் இதையெல்லாம் ஒளிவுமறைவின்றி அவர் எழுதியிருந்ததைப் படித்த பிறகு, கணக்கு வைத்து எழுதியவர் கலைஞராக இருக்க முடியுமா என்று அவர் மதிப்பைக் குறைத்துப் பேசியவர்கள் பலர். நாவல்கள் மாறவில்லை, அவை எப்படி எழுதப்பட்டன என்று தெரிந்ததும் வாசகர் கண் மாறியது. உங்கள் கேள்விக்குள் இருப்பதும் அதே கண்தான்.

அவரை அப்படியே பின்பற்றச் சொல்லவில்லை. கால் மணிக்கு 250 சொல் என்பது, கதை முழுவதையும் மனத்துக்குள் ஓட்டிப் பார்த்துவிட்டு உட்காருகிறவருக்கே இயலும். தொடங்குகிறவர் சொல்லை எண்ணினால் சொல்லைப் பெருக்குகிற பழக்கம் வந்துவிடும். "அவன் வந்தான்" என்று முடியவேண்டியது மூன்று வரியாக நீளும். ஆகவே நீங்கள் நேரத்தை மட்டும் எண்ணுங்கள். நாள்தோறும் முக்கால் மணி, அதே இடம், கைபேசி வேறு அறையில். அந்த நேரத்தில் எழுதலாம் அல்லது சும்மா உட்கார்ந்திருக்கலாம். வேறெதுவும் செய்யக் கூடாது, படிக்கவும் கூடாது. சும்மா உட்கார்ந்திருப்பது இரண்டாம் வாரத்தில் சலித்துப்போய்க் கை தானாகப் பேனாவைத் தேடும்.

இன்னும் ஒன்று கேட்கிறேன். அந்த ஒரே இரவுப் பத்துப் பக்கங்களை மறு மாதம் எடுத்துத் திருத்தியது உண்டா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஊற்று எழுதிக் கொடுக்கும் என்றே வைத்துக்கொண்டாலும், திருத்துவதற்கு ஊற்று வராது. கவிதை மட்டும் எழுதுவதானால் இதில் சிறிது விலக்குத் தரலாம். நீங்கள் அனுப்பியிருப்பது சிறுகதை.

எனக்கு வயது 61. ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டேன். இனிமேல் தொடங்குவது காலம் கடந்த செயலாகாதா?
— தொண்டி வாசகர்

ஆகாது. பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்ட கரிசல் காட்டு விவசாயியான கி. ராஜநாராயணன் முப்பது வயதைக் கடந்த பிறகுதான் கதை எழுத வந்தார். 2021இல் மறையும்போது அவருக்குத் தொண்ணூறுக்கும் மேல் வயது, அதுவரையிலும் எழுதிக்கொண்டுதான் இருந்தார். தங்களுக்கு உள்ள இடர் வயதல்ல, ஆசிரியப் பணி. அனுப்பியுள்ள கதையில் ஒவ்வொரு பாத்திரமும் மற்றவருக்குப் பாடம் நடத்துகிறது. அதை மட்டும் குறைத்துக்கொள்ளுங்கள்.

என் மச்சான் (கணவர்) சவுதியில் இருக்கிறார். பிள்ளைகள் தூங்கிய பிறகு கைபேசியில் கதை எழுதுகிறேன். மாமி (மாமியார்) பார்த்துவிட்டு, "யாரோடு இவ்வளவு நேரம் பேசிக்கொண்டிருக்கிறாய்?" என்று கேட்டார்கள். எழுதுகிறேன் என்று சொன்னதற்கு, "யாரும் படிக்காததை எதற்கு எழுத வேண்டும்?" என்றார்கள். அதிலிருந்து எழுத உட்காரும்போதே கூச்சமாக இருக்கிறது. மறைத்து எழுதுவதா, நிறுத்திவிடுவதா?
— கீழக்கரை வாசகி

இரண்டும் வேண்டாம், சகோதரி. மாமியின் முதல் கேள்வி எழுத்தைப் பற்றியதே அல்ல. நள்ளிரவில் கைபேசி வெளிச்சத்தைப் பற்றியது. அதற்கு எளிய வழி, நோட்டில் எழுதுவது. கூடத்தில், எல்லாரும் பார்க்கிற இடத்தில், மாலையில் அஸர் தொழுகைக்கும் மஃரிப் தொழுகைக்கும் இடையே அரை மணி நேரம் நோட்டும் பேனாவுமாக உட்காருங்கள். தையல் வேலைக்கோ பிள்ளைகளின் வீட்டுப்பாடத்துக்கோ உட்காருகிறவரை வீட்டில் யாரும் ஐயுறுவதில்லை. நாலைந்து வாரம் கண்ணில் பட்டுப் பழகிவிட்டால் இதையும் வீட்டு வேலைகளில் ஒன்றாகக் கணக்கில் சேர்த்துக்கொள்வார்கள். ஒழுங்கு என்பதை நம்மை நாமே அடக்குவதாகப் பேசுகிறோம். வீட்டில் இருக்கிற பெண்ணுக்கு அதில் பாதி, மற்றவர்களைப் பழக்குவது. அரை மணி நேரத்துக்குள் யாராவது கூப்பிட்டால், வீடு தீப்பற்றவில்லை என்றால், "இதோ முடித்துவிட்டு வருகிறேன்" என்று சொல்லிப் பாருங்கள். முதல் வாரம் முகம் சுளிப்பார்கள்.

எழுதி முடிக்காத பக்கத்தை யாருக்கும் படித்துக் காட்டாதீர்கள், மச்சானுக்கும் கூட. பாதியில் வருகிற பாராட்டு, பாதியில் வருகிற ஏளனத்தைப் போலவே எழுத்தை நிறுத்திவிடும். பாராட்டியவர் எதிர்பார்ப்புக்கு ஏற்பக் கதை வளைய ஆரம்பிக்கும். முடித்து, ஒருமுறை திருத்தி, நல்ல படி எடுத்த பிறகு ஒரே ஒருவரிடம் கொடுங்கள். லாத்தாவோ (அக்காவோ) பள்ளித் தோழியோ, உங்களைப் பிடித்தவராக மட்டும் இல்லாமல் கதை படிக்கிறவராகவும் இருக்க வேண்டும்.

"யாரும் படிக்காதது" என்ற பேச்சுக்கு வருகிறேன். சாகித்திய அகாதெமி விருதை 1997இல் பெற்ற தோப்பில் முகமது மீரான் மிளகாய் வற்றல் வியாபாரம் செய்துகொண்டு எழுதியவர். பள்ளியில் படித்ததோ மலையாளம். தேங்காய்ப்பட்டணம் என்ற ஒரு சிறிய கடலோர ஊரின் பேச்சை, அந்த ஊருக்கு வெளியே யாருக்குப் புரியப்போகிறது என்று அவர் தயங்கியிருந்தால் நமக்கு அந்த நாவல்கள் இல்லை. உங்கள் ஊருக்கோ இன்னும் பழைய உறவு உண்டு. உமறுப் புலவர் சீறாப்புராணம் பாடத் துணைநின்ற வள்ளல் சீதக்காதி கீழக்கரைக்காரர். காவியம் முடியுமுன்பே வள்ளல் மறைந்துவிட, பரங்கிப்பேட்டை அபுல்காசிம் மரைக்காயரின் ஆதரவில் புலவர் தொடர்ந்து பாடினார் என்பது வரலாறு. ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களுக்குப் பிறகும் நபிகளாரின் வரலாறு முழுவதையும் அது எட்டவில்லை. எஞ்சியதைப் பின்னாளில் இன்னொருவர் சின்னச் சீறாவாகப் பாட வேண்டியிருந்தது. முடிக்காத எழுத்தைக் கண்டித்தே இந்தப் பகுதியை எழுதிக்கொண்டிருக்கிற எனக்கு இது கொஞ்சம் இடைஞ்சலான எடுத்துக்காட்டுதான். ஆனால் ஆதரித்தவர் போன பின்னும் புலவர் ஏட்டைக் கட்டி வைத்துவிடவில்லை என்பதே உங்களுக்கு வேண்டியது. உங்களுக்கு ஆதரவே இல்லை என்றாலும் அரை மணி நேரம் இருக்கிறது.

என் தாத்தாவும் அப்பத்தாவும் தனுஷ்கோடியில் வாழ்ந்தவர்கள். புயலுக்குத் தப்பி வந்தவர்கள் சொன்னதையெல்லாம் பல ஆண்டுகளாகச் சேகரித்து வருகிறேன். பழைய செய்தித்தாள் நறுக்குகள் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன. இன்னும் சில விவரங்கள் கிடைத்தால்தான் எழுத முடியும் என்று தோன்றுகிறது. முதல் பக்கத்தை மட்டும் இத்துடன் அனுப்பியுள்ளேன். எப்போது தொடங்கலாம்?
— தங்கச்சிமடம் வாசகர்

நேற்றே தொடங்கியிருக்க வேண்டும். சேகரிப்பதும் ஒரு வேலையாகையால், எழுதவில்லை என்ற குற்ற உணர்ச்சி இல்லாமலே பல ஆண்டுகளைக் கடத்திவிட அது உதவுகிறது. தகவல் தேடாமல் எழுதுங்கள் என்று சொல்லவரவில்லை. உப்பளத் தொழிலாளர் வாழ்க்கையைக் கரிப்பு மணிகள் நாவலாக எழுத ராஜம் கிருஷ்ணன் தூத்துக்குடி உப்பளங்களுக்கே போய் அந்த மக்களிடம் பேசித் தெரிந்துகொண்டார். ஆனால் போனார், கேட்டார், திரும்பி வந்து எழுதி முடித்து, அடுத்த நாவலுக்கான களத்துக்குப் போய்விட்டார். நீங்கள் இன்னும் முதல் களத்திலேயே நிற்கிறீர்கள்.

உங்கள் பெட்டியில் இருக்கக்கூடியவை என்னவென்று ஊகிக்க முடிகிறது. 1964 டிசம்பர் 22ஆம் தேதி இரவு. பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்கு வந்த 653ஆம் எண் பயணிகள் ரயில் பயணிகளோடு கடலுக்குள் போனது. பாம்பன் பாலம் சிதைந்து 46 நாளில் சீர்செய்யப்பட்டது. இவை எல்லாருக்கும் பொதுவானவை, எந்த நேரமும் சரிபார்த்துக்கொள்ளத் தக்கவை. இவற்றுக்காகக் கதை காத்திருக்க வேண்டியதில்லை. தெரியாத இடத்தில் ஒரு பெருக்கல் குறியைப் போட்டுவிட்டு மேலே எழுதிக்கொண்டு போங்கள். கதை முடிந்த பின் அந்தக் குறிகளை எண்ணிப் பாருங்கள். பாதிக்கும் மேற்பட்டவை கதைக்குத் தேவையே இல்லை என்று அப்போது தெரியும்.

இப்போது நீங்கள் அனுப்பிய பக்கம். அது இப்படித் தொடங்குகிறது: "கடலன்னை சீற்றம் கொண்டாள். மலை போன்ற அலைகள் எழுந்து ஊரையே விழுங்கின." கடலைப் படத்தில் மட்டும் பார்த்தவரும் இந்த வாக்கியங்களை எழுதிவிடலாம். ஆனால் கடிதத்தின் ஓரத்தில், இடம் போதாமல் சாய்த்து, இதையும் எழுதியிருக்கிறீர்கள்: "முந்தின நாள் சாயங்காலமே அப்பத்தா முழுசாகக் காயாத கருவாட்டைப் பாயோடு சுருட்டி வீட்டுக்குள் போட்டுவிட்டாராம். வீடெல்லாம் நாறுகிறது என்று தாத்தா சத்தம் போட்டாராம்." கதை இங்கே இருக்கிறது. அந்த ஈரக் கருவாட்டு நாற்றத்தோடு அந்த இரவுக்குள் நுழைகிற வாசகர், அலை எவ்வளவு உயரம் என்று உங்களைக் கேட்கமாட்டார்.

இதை நீங்கள் பக்கத்துக்குள் கொண்டுவரும்போது என்ன நடக்கும் என்பதையும் சொல்கிறேன். முதல் தடவை அநேகமாக இப்படித்தான் வரும்: "ஏதோ விபரீதம் நடக்கப்போகிறது என்று உணர்ந்த அப்பத்தா, பயத்துடன் அவசர அவசரமாகக் கருவாட்டுப் பாயைச் சுருட்டினார்." இரண்டாம் தடவை "ஏதோ விபரீதம் நடக்கப்போகிறது என்று உணர்ந்த" என்பதை அடித்துவிடுங்கள், வாசகருக்கு தனுஷ்கோடி என்ற பெயரே போதும். மூன்றாம் தடவை "பயத்துடன்" போகட்டும், ஏனெனில் காயாத கருவாட்டை எடுத்தாலே விலை போகாது என்று தெரிந்தும் ஒருத்தி எடுக்கிறாள் என்றால் அச்சம் அதற்குள் இருக்கிறது. "அவசர அவசரமாக" என்பதற்குப் பதில் அவசரத்தைக் காட்டுகிற ஒரு செயல் வேண்டும். பாயில் ஒட்டியிருந்த மணலை உதறாமல் சுருட்டினாரா? அதற்குத்தான் இனிப் போய்க் கேட்க வேண்டும். பாம்பனில் இருக்கும் பெரியத்தைக்கு எல்லாம் நினைவிருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அவரிடம் "புயல் எப்படி இருந்தது?" என்று கேட்காதீர்கள், அந்தக் கேள்விக்கு அவர் பலருக்கும் சொல்லிப் பழகிய விடையைத்தான் சொல்வார். அப்பத்தா எதைப் பார்த்துவிட்டுப் பாயைச் சுருட்டினார், வடக்கிலிருந்து வாடையாக வீசிக்கொண்டிருந்த காற்று கிழக்கிலிருந்து வீசும் கொண்டலாகத் திரும்பியிருந்ததா, அந்தக் கருவாடு என்ன மீன் என்று கேளுங்கள். ஒரு பக்கம் எழுதிய பிறகுதான் இப்படிப்பட்ட கேள்விகள் பிறக்கும் என்பதால்தான் முதலில் எழுதுங்கள் என்கிறேன். பெரியத்தையின் வயதை நீங்கள் குறிப்பிடவில்லை. இந்த வாரமே போய்விட்டு வாருங்கள்.

பணம் கட்டினால் புத்தகமாகப் போட்டுத் தருவதாக ஒரு பதிப்பகத்தார் சொல்கிறார்கள். கதைகள் நான்கு இருக்கின்றன. போடலாமா?
— ஏர்வாடி வாசகர்

நான்கு கதை புத்தகமாகாது. எழுத்தைப் பெரிதாக்கி, இடம் விட்டு அடித்து ஆக்கிக் காட்டுவார்கள். அச்சான படியைக் கையில் பார்த்ததும் இனி எழுத வேண்டியதில்லை என்ற நிறைவு வந்துவிடுகிறது. அடுத்த பத்து ஆண்டு அந்த ஒரே புத்தகத்தைப் பரிசளித்துக்கொண்டு திரிபவர்களை நம் ஊரில் பார்த்திருப்பீர்கள். புத்தகத்துக்கு அடையாளமாகத் தரப்படும் ஐ.எஸ்.பி.என். எண்ணை வாங்கித் தருவதற்கென்று தனியாகப் பணம் கேட்டிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். நம் நாட்டில் அந்த எண்ணை அரசு கட்டணமின்றியே வழங்குகிறது. பணத்தை வைத்துக்கொண்டு, இன்னும் எட்டுக் கதை எழுதுங்கள்.

இரண்டு ஆண்டாகக் கதைகளை அனுப்பி வருகிறேன். சில இதழ்களிலிருந்து திரும்பி வந்தன. பலவற்றிலிருந்து பதிலே இல்லை. எத்தனை முறை திரும்பினால் நமக்கு எழுத்து வராது என்று முடிவு செய்யலாம்?
— சின்னப்பாலம், பாம்பன், வாசகி

அப்படி ஓர் எண் இருந்தால் பத்திரிகை அலுவலகங்களுக்குப் பெரிய நிம்மதி. திரும்பி வரும் கதைகள் எல்லாம் மோசமானவை என்று நினைக்காதீர்கள். ஒரு வார இதழில் ஒரு வாரத்துக்கு இரண்டு கதைக்கு இடம் இருக்கும், வருவதோ கட்டுக்கட்டாக. அதே கருவில் சென்ற மாதம்தான் ஒரு கதை வந்தது, நீளம் இரண்டு பக்கம் கூடுதல், படிக்க வேண்டியவர் விடுப்பில் போய்விட்டார் என்று கதைக்குத் தொடர்பில்லாத காரணங்களே பாதி. கைபேசியில் சாய்வாகப் பிடித்த கையெழுத்துப் படங்களாக வருபவை திறக்கப்படுவதுகூட இல்லை. யூனிகோடு எழுத்தில் தட்டச்சு செய்து, கதையின் தலைப்பும் உங்கள் பெயரும் முகவரியும் முதல் பக்கத்திலேயே இருக்கும்படி அனுப்புங்கள். தட்டச்சு வசதி இல்லை என்றால் ஒரு பக்கம் மட்டும் எழுதிய தாள்களை அஞ்சலில் அனுப்பி, நகலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு நோட்டுப் போடுங்கள். கதையின் பெயர், எந்த இதழ், அனுப்பிய தேதி, என்ன ஆயிற்று. ஒரு நேரத்தில் ஒரு கதை ஓர் இதழுக்கு மட்டும். மூன்று மாதத்துக்குள் பதில் இல்லையென்றால் வராது என்று கொண்டு, இதழாசிரியருக்கு ஒரு வரி தெரிவித்துவிட்டு அடுத்த இதழுக்கு அனுப்புங்கள். ஆனால் அனுப்புவதற்கு முன் ஒருமுறை உரக்கப் படித்துப் பாருங்கள். மூன்று மாதத்தில் உங்கள் காது தேறியிருக்கும், நாக்கு தடுக்குகிற வாக்கியம் இப்போது தெரியும். இரண்டு ஆண்டாகத் திரும்பிய கதைகளைத் திருத்தாமல் அப்படியே உறை மாற்றி அனுப்பியிருப்பதாக உங்கள் கடிதத்திலிருந்து தெரிகிறது. அதை விடாமுயற்சி என்று நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். அனுப்பிய கதைக்குப் பதில் வரும்வரை அடுத்ததை எழுதாமல் காத்திருப்பதாகவும் சொல்கிறீர்கள். உறையை ஒட்டிய அன்று மாலையே அடுத்த கதையின் முதல் வரி எழுதப்பட்டிருக்க வேண்டும். தீபாவளி மலர்களுக்கான வேலை ஆடி மாதமே தொடங்கிவிடும் என்பதால் ஐப்பசியில் அனுப்பிவிட்டு வருந்த வேண்டாம்.

நீங்கள் கடிதத்தோடு வைத்திருந்த இரண்டு கதைகளில், கடற்பாசி எடுக்கப் போகிற பெண்களைப் பற்றிய இரண்டாவது கதையை இரண்டு முறை படித்தேன். கையுறைக்குப் பதிலாகத் துணியைச் சுற்றிக்கொண்டு, பாறையில் கிழிபட்ட விரலை வாயில் வைத்துக்கொண்டே அடுத்த முழுக்குப் போடுகிற பெண்ணை இதுவரை வேறு எந்தக் கதையிலும் நான் பார்த்ததில்லை. வியாபாரி எடைத் தட்டை விரலால் அழுத்துவதை அவள் பார்த்துவிட்டுப் பேசாமல் இருக்கிற இடத்தோடு கதை முடிந்துவிட்டது. அதற்குப் பின் வருகிற ஒன்றரைப் பக்கம் உங்கள் கருத்து, அதை எடுத்துவிடுங்கள். நடுவில் அவள் மகள் பள்ளியை விட்டது ஏன் என்பது விடுபட்டிருக்கிறது, அதற்கு ஒரு பத்தி போதும். பாசிக்கு நீங்கள் வழங்குகிற ஊர்ப் பெயர்களை அடைப்புக்குறிக்குள் விளக்க வேண்டாம். திருத்தி, அடுத்த மாதம் 10ஆம் தேதிக்குள் இதே முகவரிக்கு, உறையின் மேல் "பாசிக் கதை, இரண்டாம் படி" என்று குறித்து அனுப்புங்கள். வெளியிடுவோம் என்று இப்போதே வாக்குக் கொடுக்க இயலாது. முழுவதும் படித்துவிட்டு எப்படியும் பதில் எழுதுவேன்.